செர்ட்-இன் தொடர்பை முன்கூட்டியே அமைப்பது எப்படி: நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பைப் பார்ப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் என்றதும் பெரும்பாலான ஐ.டி. பொறுப்பாளர்களுக்கு நினைவுக்கு வருவது, சம்பவத்தை அதற்குத் தெரிவிக்க வேண்டிய ஆறு மணி நேரக் கெடு மட்டும்தான். சர்வர் முடங்கிய பிறகு, மெயில் போடாவிட்டால் சிக்கல் என்ற பயத்தில்தான் முதல் தொடர்பே நடக்கிறது. ஆனால் மத்திய அரசு இலவசமாகத் தரும் எச்சரிக்கை, பயிற்சி, ஆலோசனை எல்லாமே சம்பவத்துக்கு முன்பே பதிவு செய்து வைத்தவர்களுக்குத்தான் முழுதாகப் பயன்படும். தனிப் பாதுகாப்புக் குழு இல்லாமல், நெட்வொர்க்கும் பாதுகாப்பும் ஒரே ஆளின் தலையில் விழுந்திருக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக இது எழுதப்படுகிறது.

எந்தக் கதவு எதற்கு

செர்ட்-இன் 2004 முதல் இயங்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவுதான் அதற்குச் சட்ட அதிகாரம் தருகிறது. சம்பவங்களைக் கேட்டறிவது, எச்சரிப்பது, கையாள வழிகாட்டுவது அதன் வேலை. அது போலீஸ் இல்லை. எஃப்.ஐ.ஆர். போடாது, குற்றவாளியைப் பிடித்துத் தராது. இதைப் புரிந்துகொள்ளாமல் "மெயில் போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய பேர்.

மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து போன்ற துறைகளில் நாட்டுக்கே முக்கியமான கணினி அமைப்புகளை என்.சி.ஐ.ஐ.பி.சி. கவனிக்கிறது. இது 2014 ஜனவரியில் 70ஏ பிரிவின்கீழ் அமைந்தது. உங்கள் கணினி அமைப்பு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அரசிதழில் அறிவிக்கப்பட்டிருந்தால் தவிர, அன்றாடம் இவர்களோடு உங்களுக்கு வேலை வராது. சைபர் குற்றத்துக்கு உள்துறை அமைச்சகத்தின் ஐ4சி நடத்தும் இணையதளமும் 1930 எண்ணும் இருக்கின்றன. வழக்கு என்று வந்தால் சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வங்கி, காப்பீடு, பங்குச்சந்தை நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி, ஐ.ஆர்.டி.ஏ.ஐ., செபி ஆகியவற்றின் கெடுக்கள் தனி. செர்ட்-இன்னுக்குச் சொன்னதாலேயே அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

படி 1: தொடர்பு அலுவலரைப் பதிவு செய்தல்

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, அதன் வரம்புக்குள் வரும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தொடர்பு அலுவலரை நியமித்து விவரத்தைத் தெரிவிக்க வேண்டும். உத்தரவின் இரண்டாம் இணைப்பில் படிவம் இருக்கிறது. பெயர், பதவி, நிறுவனம், அலுவலக முகவரி, மின்னஞ்சல், கைபேசி, தொலைபேசி, ஃபேக்ஸ், அவ்வளவுதான் கேட்கிறார்கள். பத்து நிமிட வேலை. ஆனால் தவறு நடப்பதும் இங்கேதான்.

தனிநபரின் மெயில் ஐ.டி.யைக் கொடுக்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போன மறுநாளே கணக்கு மூடப்படும், எச்சரிக்கைகள் அடைபட்ட பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். 'செக்யூரிட்டி' என்ற பெயரில் பொது அஞ்சல் பெட்டி ஒன்று உருவாக்கி, குறைந்தது இரண்டு பேர் பார்க்கும்படி வையுங்கள். செர்ட்-இன் டொமைனிலிருந்து வரும் மெயில் ஸ்பாமில் விழாதபடி அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் மெயில் சர்வரே மாட்டினால் என்ன செய்வது? அதற்காக வேறொரு சேவையில் மாற்று முகவரி ஒன்றும், தொடர்பு எண்கள் அச்சடித்த தாள் ஒன்றும் வேண்டும். செர்ட்-இன்னின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-4949. கோப்பை அவர்கள் மட்டும் திறக்கும்படி பூட்டி அனுப்ப உதவும் அவர்களுடைய பி.ஜி.பி. சாவி தளத்தில் கிடைக்கிறது. அதை முன்கூட்டியே இறக்கி, ஒரு சோதனைக் கோப்பை என்க்ரிப்ட் செய்து பழகிக்கொள்ளுங்கள். பதற்றத்தின் நடுவில் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை அது.

ஆள் மாறினால் படிவத்தைத் திரும்ப அனுப்ப வேண்டும். எச்.ஆர். வைத்திருக்கும் 'வேலையிலிருந்து விடுவிப்பு' பட்டியலில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் மறக்காது.

படி 2: சைபர் ஸ்வச்தா கேந்திரத்தில் ஐ.பி. முகவரிகளைப் பதிவு செய்தல்

அரசு தரும் இலவசங்களில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், எங்கள் பதில் இதுதான். பயிற்சிகூட இதற்கு அடுத்ததுதான். 2017 பிப்ரவரி 21 அன்று தொடங்கப்பட்ட இந்த மையத்தை செர்ட்-இன் நடத்துகிறது. சொந்தமாகப் பொது ஐ.பி. வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்கள் அதைத் தெரிவித்தால், அந்த முகவரிகளிலிருந்து பாட்நெட் (தாக்குபவர் தொலைவிலிருந்து ஆட்டுவிக்கும் கணினிக் கூட்டம்) தொடர்பு தென்பட்டாலோ, ஓட்டையுள்ள சேவை வெளியே திறந்திருந்தாலோ மையம் எச்சரிக்கை அனுப்பும். தனிநபர் கணினிகளைச் சுத்தம் செய்யும் கருவிகளும், ஆண்ட்ராய்டுக்கான எம்-கவச் 2, யு.எஸ்.பி. பிரதிரோத் போன்றவையும் அங்கே உண்டு. ஒரு நிறுவனத்துக்கு அவை இரண்டாம்பட்சம்.

இணைய சேவை நிறுவனம் கொடுத்த ஒற்றை ஐ.பி.யில் நீங்கள் இயங்கினால், எச்சரிக்கை அவர்களுக்குத்தான் போகும். அவர்கள் அதை உங்களுக்கு அனுப்புகிறார்களா, எந்த மெயிலுக்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பில் போகும் முகவரிக்குத்தான் போகும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் அதைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது.

இனி எச்சரிக்கை கைக்கு வந்த பிறகு. ஒரு வரியில் பொதுவாக நேரம், உங்கள் பொது ஐ.பி., சோர்ஸ் போர்ட், தொடர்பு கொண்ட வெளி முகவரி, மால்வேர் குடும்பத்தின் பெயர் ஆகியவை இருக்கும். அலுவலகத்தில் 200 கணினிகளும் ஒரே பொது ஐ.பி. வழியாக வெளியே போகின்றன என்றால், இந்த வரியை வைத்து எந்த இயந்திரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபயர்வாலின் நாட் லாக்கில்தான், அதாவது உள் முகவரி பொது ஐ.பி.யாக மாறுவதைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்தான், விடை இருக்கிறது. அதில் உள் ஐ.பி., உள் போர்ட், மாற்றப்பட்ட வெளிப் போர்ட், நேரம் நான்கும் பதிவாகியிருக்க வேண்டும். பல ஃபயர்வால்களில் 'அனுமதிக்கப்பட்ட' இணைப்புகளுக்கான லாக் அணைக்கப்பட்டே இருக்கும். தடுக்கப்பட்டவை மட்டும் பதிவாகும். மால்வேர் வெளியே பேசுவது அனுமதிக்கப்பட்ட 443 போர்ட் வழியாகத்தான். ஆகவே வெளியே போகும் விதிகள் எல்லாவற்றிலும் லாக்கைப் போடுங்கள்.

அடுத்து நேரம். எச்சரிக்கையில் உள்ள நேரம் யூ.டி.சி.யா (உலகப் பொது நேரம்), இந்திய நேரமா என்று முதலில் பாருங்கள். யூ.டி.சி. 20:10 என்றால் நம்மூரில் மறுநாள் அதிகாலை 1:40. ஐந்தரை மணி நேரம் கூட்ட மறந்தால், இரவு எட்டு மணிக்கு அந்த ஐ.பி.யைப் பயன்படுத்திய ஊழியரின் லேப்டாப்பை வீணாக ஃபார்மட் செய்துவிட்டு, இரவெல்லாம் ஓடிய பயோமெட்ரிக் சர்வரை விட்டுவிடுவீர்கள். நாட் லாக்கில் உள் ஐ.பி. கிடைத்ததும், எந்தக் கருவிக்கு எந்த உள் ஐ.பி. தரப்பட்டது என்று காட்டும் டி.எச்.சி.பி. லாக்கை அதே நேரத்துக்குப் பார்த்து, கருவியின் அடையாளமான மேக் முகவரியை எடுங்கள். அதற்குப் பிறகுதான் கணினியைத் தொட வேண்டும்.

எச்சரிக்கையின் மேல், அதை யாரோடு பகிரலாம் என்று காட்டும் டி.எல்.பி. நிறம் குறிக்கப்பட்டிருந்தால் மதியுங்கள். சிவப்பு என்றால் பெற்றவரோடு நிற்க வேண்டும். ஆம்பர் என்றால் நிறுவனத்துக்குள்ளும், தேவைப்படும் வாடிக்கையாளரிடமும் மட்டும். பச்சை என்றால் துறைச் சகாக்களோடு பகிரலாம். ஆம்பர் எச்சரிக்கையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. தாக்குபவரும் அந்த மாதிரி குரூப்களில் இருக்கக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

படி 3: கடிகாரமும் லாக்கும்

2022 உத்தரவு எல்லா ஐ.சி.டி. (தகவல், தொடர்புத் தொழில்நுட்ப) அமைப்புகளின் கடிகாரத்தையும் என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. வேறு துல்லியமான மூலத்தைப் பயன்படுத்தலாம், அந்த நேரத்திலிருந்து விலகாமல் இருந்தால் போதும் என்று பின்னர் வந்த விளக்கம் சொல்கிறது. கிளவுடில் இருப்பவர்களுக்கு இது நிம்மதி. இந்திய நேரத்தில்தான் லாக் எழுத வேண்டும் என்றும் இல்லை, நேர மண்டலம் தெளிவாகப் பதிவாகியிருந்தால் சரி.

விண்டோஸ் டொமைன் உள்ள இடத்தில் டொமைனுக்கு நேரம் தரும் பி.டி.சி. எமுலேட்டர் பொறுப்பில் உள்ள ஒரே சர்வரை மட்டும் வெளி நேர சர்வரோடு இணையுங்கள். மற்றவை தாமாக அதைப் பின்பற்றும். அந்த சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால், ஹோஸ்டிலிருந்து நேரம் வாங்கும் வசதியை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் இழுபறி நடத்தும். யு.டி.பி. 123 போர்ட் ஃபயர்வாலில் அடைபட்டிருப்பதுதான் ஒத்திசைவு தோற்கும் வழக்கமான காரணம். சி.சி.டி.வி. ரெக்கார்டர், பயோமெட்ரிக், சுவிட்ச் இவற்றின் கடிகாரத்தை யாரும் பார்ப்பதே இல்லை. விசாரணை என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அவற்றின் பதிவுதான்.

லாக் 180 நாட்களுக்குச் சுழற்சியாக இருக்க வேண்டும். ஃபயர்வால், வி.பி.என்., மெயில், வெப், டேட்டாபேஸ், ப்ராக்ஸி, எஸ்.எஸ்.எச்., முக்கிய சர்வர்களின் நிகழ்வுப் பதிவு எல்லாம் இதில் அடங்கும். தோல்வியடைந்த முயற்சிகள் மட்டுமல்ல, வெற்றியடைந்த லாகின்களும் வேண்டும். "நம்மிடம் லாக் இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலரிடம் உண்மையில் சில நாள் பதிவுதான் இருக்கும். விண்டோஸின் செக்யூரிட்டி லாக் இயல்பாக 20 எம்.பி. நிரம்பியதும் பழையதை அழித்துக்கொண்டே போகும். லினக்ஸில் லாக்ரொட்டேட் பொதுவாக நான்கு வாரம்தான் வைக்கும். ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட்ட்ரெயிலின் நிகழ்வு வரலாறு 90 நாள். இவை மூன்றும் 180-ஐத் தொடாது. வெளியே ஒரு லாக் சர்வருக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். ஃபயர்வால் வினாடிக்கு 500 பதிவு, ஒவ்வொன்றும் 300 பைட் என்றால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. 180 நாளுக்கு சுமார் 2.3 டி.பி. லாக் எழுத்துக் கோப்பு என்பதால் நன்றாகச் சுருங்கும். பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் 230 ஜி.பி. போதும். லாக்கைத் திரட்டி அலசும் விலை உயர்ந்த சீம் மென்பொருள் வாங்கினால்தான் முடியும் என்று சொல்லும் வெண்டரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். சட்டம் கேட்பது சேமிப்பை, டாஷ்போர்டை அல்ல. லாக் சர்வரை டொமைனில் சேர்க்காமல் தனிக் கடவுச்சொல்லோடு வைப்பது முக்கியம். டொமைன் அட்மின் கைப்பற்றப்பட்டால் லாக்கும் சேர்ந்து போய்விடக் கூடாது.

படி 4: அந்த ஆறு மணி நேரம்

சம்பவத்தை நீங்கள் கவனித்த, அல்லது யாரோ உங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்த நேரத்திலிருந்து கணக்கு. தாக்குதல் நடந்த நேரத்திலிருந்து அல்ல. 2022 உத்தரவின் முதல் இணைப்பில் இருபது வகைச் சம்பவங்கள் இருக்கின்றன: அனுமதியற்ற நுழைவு, தரவுக் கசிவு, ரான்சம்வேர் உள்ளிட்ட மால்வேர், இணையதளச் சிதைப்பு, சேவை மறுப்புத் தாக்குதல், போலி மொபைல் ஆப், கிளவுட் மீதான தாக்குதல் எனப் பட்டியல் நீள்கிறது. வந்த ஒவ்வொரு பிஷிங் மெயிலையும் அனுப்ப வேண்டுமா? தீவிரமானவை, தரவு மீறல்கள், பரவலாகவோ அடிக்கடியோ நிகழ்பவை, மனிதப் பாதுகாப்பைத் தொடுபவை ஆகியவற்றுக்குத்தான் ஆறு மணி நேரக் கெடு என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. யாரும் கிளிக் செய்யாத பிஷிங் மெயிலுக்கு அவசரம் இல்லை. ஒருவர் கிளிக் செய்து கடவுச்சொல்லைக் கொடுத்து, வேற்று இடத்திலிருந்து லாகினும் நடந்திருந்தால் அது அனுமதியற்ற நுழைவு.

முதல் அரை மணியில் பாதிக்கப்பட்ட இயந்திரத்தை நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள், ஆனால் அணைக்காதீர்கள். ரேமில் உள்ள சாவியும் செயல்களும் அணைத்ததும் போய்விடும். விர்ச்சுவல் மெஷின் என்றால் மெமரியோடு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அதோடு யார், எப்போது, எதைக் கண்டார் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். கெடு எப்போது தொடங்கியது என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

இரண்டாம், மூன்றாம் மணிகளில் அறிக்கைக்குத் தேவையானதைத் திரட்டலாம்: நடந்த நேரம், பாதிக்கப்பட்ட அமைப்பின் ஐ.பி., பெயர், இயங்குதளம், இருக்கும் ஊர், தென்பட்ட அறிகுறி, இதுவரை எடுத்த நடவடிக்கை. எல்லாம் தெரிந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கையில் இருப்பதை ஆறு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டு, மீதியை நியாயமான காலத்துக்குள் தரலாம் என்று விளக்கமே இருக்கிறது. காரணம் தெரியாவிட்டால் 'காரணம் ஆய்வில் உள்ளது' என்று எழுதுங்கள். ஊகத்தை உறுதியாக எழுதிவிட்டுப் பிறகு மாற்றினால் நம்பகத்தன்மை போய்விடும்.

நான்காம் மணிக்குள் அனுப்பிவிடுவது நல்லது. தலைமையிடம் ஒப்புதல் வாங்குவதிலேயே இரண்டு மணி போய்விடும் என்பதால், யார் ஒப்புதல் தருவார், அவர் கிடைக்காவிட்டால் யார் என்பதை இன்றே எழுத்தில் வாங்கி வையுங்கள். "வெளியே தெரிந்தால் பெயர் கெடும்" என்ற தயக்கம் மேலிருந்து வரும். 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கப்பட்டது. ஆர்.டி.ஐ. மனு போட்டு உங்கள் அறிக்கையை யாரும் எடுத்துவிட முடியாது என்று அவர்களிடம் சொல்லலாம். தகவல் தர மறுத்தால் 70பி(7)-இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தின் உச்சவரம்பை 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்திவிட்டது.

சர்வரை வெளி நிறுவனம் பராமரித்தாலும் "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இருக்க முடியாது. கவனித்தவர் எவரோ அவர் தெரிவிக்க வேண்டும், ஒப்பந்தம் போட்டு இந்தக் கடமையைக் கைமாற்ற இயலாது.

பணம் போயிருந்தால் வரிசை மாறும்

வெண்டர் மெயிலைப் போலச் செய்து வங்கிக் கணக்கை மாற்றிப் பணம் பறித்த சம்பவம் என்றால், முதல் போன் 1930-க்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் நிறுத்தி வைக்கச் சொல்லும் ஏற்பாடு அது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், இரு பக்கக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கூடவே உங்கள் வங்கிக் கிளைக்கும் சொல்லுங்கள். செர்ட்-இன் அறிக்கை அதற்குப் பிறகு.

வழக்குக்குப் போகும் எண்ணம் இருந்தால் சான்றை நகலெடுத்த கையோடு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பை எடுத்து எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் இரண்டு பகுதிகள் உண்டு. கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் முதல் பகுதியிலும், நிபுணர் இரண்டாம் பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். ஹாஷ் மதிப்பும் அது எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதும் அதில் கேட்கப்படுகிறது. பேக்கப்பிலிருந்து மீட்ட பிறகு ஹாஷ் எடுத்துப் பயனில்லை.

பயிற்சி: யாருக்கு எது

புதிதாக இத்துறைக்கு வருபவர்களுக்கு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்தும் ஆறு மாத முழுநேர பி.ஜி. டிப்ளமா இருக்கிறது. சி-கேட் தேர்வு எழுதிச் சேர வேண்டும். நெட்வொர்க், லினக்ஸ் நிர்வாகம், பாதுகாப்பு மூன்றும் கலந்த 'டிட்டிஸ்' படிப்புதான் இதற்குரியது. வேலையில் இருப்பவரால் சமாளிக்க முடியாது.

வேலையில் இருப்பவர்களுக்கு என்.பி.டி.இ.எல். நல்ல வழி. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வீடியோ பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். மதிப்பெண்ணில் 25 பங்கு வாராந்தரப் பயிற்சிக்கு, 75 பங்கு நேரில் எழுதும் தேர்வுக்கு. முதல் இரண்டு வாரம் உற்சாகமாகப் பார்த்துவிட்டுப் பயிற்சிக் கெடுவைத் தவறவிட்டால் தேர்வுக்குப் போயும் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். ஃபியூச்சர்ஸ்கில்ஸ் பிரைம் தளத்தில் நாஸ்காமும் மின்னணு அமைச்சகமும் சேர்ந்து தரும் பாடங்களில் சிலவற்றுக்கு, மதிப்பீட்டில் தேறினால் அரசு ஊக்கத்தொகை உண்டு. சேரும் முன் அந்தப் பாடத்துக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சைபர் சுரக்ஷித் பாரத் திட்டம் 2018-இல் தொடங்கியது. அரசுத் துறைகளின் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் ஐ.டி. ஊழியர்களுக்கும் உரியது, தனியார் விண்ணப்பித்துப் பயனில்லை. சைட்ரெய்ன் என்ற இணையவழிப் பயிற்சித் தளம் முதன்மையாகக் காவல்துறைக்காக உருவானது. ஊழியர்களுக்கு விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டுமென்றால், 2005-இலிருந்து கட்டம் கட்டமாக நடந்துவரும் ஐ.எஸ்.இ.ஏ. திட்டத்தின் தளத்தில் தமிழிலும் கையேடு, போஸ்டர் கிடைக்கும். தொழிற்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆங்கில ஸ்லைடு காட்டுவதைவிட இவை ஆயிரம் மடங்கு மேல்.

செர்ட்-இன்னே கணினி நிர்வாகிகளுக்கும் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் பயிலரங்குகள் நடத்துகிறது, அறிவிப்பு அதன் தளத்தில் வரும். துறைவாரியாக நடக்கும் ஒத்திகைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தால் விடாதீர்கள். ஐ.டி. ஆளை மட்டும் அனுப்பாமல், மெயிலுக்கு ஒப்புதல் தர வேண்டிய மேலாளரையும் உட்கார வையுங்கள். உண்மைச் சம்பவத்தில் தாமதம் நடக்கும் இடம் அவருடைய மேசைதான்.

'அரசு அங்கீகாரம் பெற்ற சைபர் சான்றிதழ்' என்று விளம்பரம் செய்யும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. எந்த அமைச்சகம், எந்தத் திட்டம், எந்த ஆணை எண் என்று கேளுங்கள். செர்ட்-இன் அங்கீகரித்த ஆடிட் நிறுவனங்களின் பட்டியல் தளத்தில் வெளிப்படையாக இருக்கிறது. அது ஆடிட் செய்வதற்கான அங்கீகாரம், வகுப்பு நடத்துவதற்கானது அல்ல.

ஓட்டையைக் கண்டால்

பிறர் மென்பொருளிலோ அரசு தளத்திலோ பாதுகாப்புக் குறை தெரிந்தால், பொறுப்பான வெளிப்படுத்தலுக்கென்று செர்ட்-இன்னில் தனி முகவரி இருக்கிறது. முக்கியக் கட்டமைப்பு என்றால் என்.சி.ஐ.ஐ.பி.சி.யிலும் அதேபோல் ஒன்று உண்டு. 2021 முதல் செர்ட்-இன் தானே, பாதுகாப்புக் குறைகளுக்கான பொது அடையாளமான சி.வி.இ. எண் ஒதுக்கும் அமைப்பாகவும் இருக்கிறது. பதிப்பு எண், மீண்டும் செய்து பார்க்கும் படிகள், பாதிப்பு, ஸ்கிரீன்ஷாட் இவற்றோடு அனுப்புங்கள். ஆனால் நல்லெண்ணத்தோடு தேடினேன் என்பதற்கு நம் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு கிடையாது. அனுமதியில்லாமல் அடுத்தவர் சர்வரைக் குடைந்தால் 43, 66 பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் வரை அபராதமோ வரலாம். தற்செயலாகக் கண்டதை அதற்கு மேல் தோண்டாமல் சொல்லிவிட்டு விலகுவது உத்தமம்.

உங்கள் தளத்தில் குறை கண்டவர் யாரிடம் சொல்வார்? தளத்தின் 'வெல்-நோன்' அடைவில் 'செக்யூரிட்டி டாட் டெக்ஸ்ட்' என்ற சிறு கோப்பு வைத்து, படி 1-இல் உருவாக்கிய பொது அஞ்சல் பெட்டியை அதில் கொடுங்கள். அந்தக் கோப்பில் காலாவதித் தேதி கட்டாயம், அதை ஓராண்டுக்குள் வைப்பது வழக்கம். எஸ்.எஸ்.எல். சான்றிதழ் புதுப்பிக்கும் பட்டியலிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள்.